முதல் கம்ப்ரஸர்: பெட்டியா, ப்ளகினா, எந்த வகை?

வீட்டில் ஓர் அறையைப் பதிவுக்கென ஒதுக்கி, நல்ல கண்டென்சர் மைக்கும், ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் இரண்டு சானல் இன்டர்ஃபேஸும் வாங்கியாகிவிட்டது. அடுத்து வரும் ஆசை பெரும்பாலும், உரத்த ஒலியை அமுக்கி ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸர்தான். பாட்டில் ஒரு வரி காதருகே கேட்கிறது, அடுத்த வரி எங்கோ அமுங்கிப்போகிறது. பெரிய ஸ்டுடியோப் பதிவுகளில் அப்படி நடப்பதில்லை. அங்கே ரேக்கில் ஊசி ஆடிக்கொண்டிருக்கும் பெட்டிதான் காரணம் என்று தோன்றும். ஓரளவு உண்மைதான். ஆனால் எந்தப் பெட்டி, அதை எந்த இடத்தில் செருகுவது, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்காமல் வாங்கினால், அந்தப் பணம் ரேக்கில் அழகாக உட்கார்ந்திருக்கும், பாட்டில் கேட்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீட்டு ஸ்டுடியோக்களுக்குத் தொடக்கத்தில் ப்ளகின், அதாவது பதிவு மென்பொருளுக்குள் ஓடும் கம்ப்ரஸர் போதும். பெட்டிதான் வேண்டும் என்றால் இரண்டு சானல் விசிஏ (மின்னழுத்தத்தால் கட்டுப்படும் பெருக்கி) வகை. குரல் பதிவே தினசரித் தொழில் என்பவர்கள் மட்டும் ஆப்டோ (ஒளியை வைத்து அமுக்கும்) வகைக்குப் பணம் சேர்க்கலாம். எஃப்ஈடி (ஒருவகை டிரான்சிஸ்டரை வைத்து அமுக்கும்) வகை, கம்ப்ரஸரை ஏற்கெனவே காதால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். பதியும்போது போட்ட அமுக்கத்தைப் பிறகு எடுக்க முடியாது. பாடகர் அந்த வரியை அன்று பாடிய விதத்தில் மறுபடி பாடமாட்டார்.

கணக்கைப் பார்ப்போம். த்ரெஷோல்ட் (அமுக்கம் தொடங்கும் அளவு) -20 டெசிபல், ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4:1 என்று வைத்திருக்கிறீர்கள். குரல் -8 வரை எகிறுகிறது. த்ரெஷோல்டுக்கு மேலே 12 டெசிபல். அது நான்கில் ஒரு பங்காகி, 3 டெசிபல் மட்டும் மேலே போகும். வெளியே வருவது -17. ஆக, 9 டெசிபல் குறைந்திருக்கிறது. சத்தம் போதவில்லையே என்று மேக்கப் கெயினில் அந்த 9 டெசிபலையும் திருப்பி ஏற்றுகிறீர்கள். இப்போது உச்சம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கூடவே, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இருந்த மின்விசிறிச் சத்தம், ஏசி, தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் 9 டெசிபல் மேலே வந்துவிட்டன. அறை அமைதியாக இல்லாத வீட்டில் கம்ப்ரஸர் வாங்குவதற்கு முன் கனமான திரைச்சீலை வாங்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

பதியும்போதே தேவையா?

டேப் காலத்தில் தேவை இருந்தது. டேப்பின் இரைச்சல் அதிகம், அதனால் மெல்லிய ஒலியைத் தூக்கியும் உரத்த ஒலியை அடக்கியும் உள்ளே அனுப்பவேண்டியிருந்தது. வானொலியிலும் அதே கதை. குரல் எகிறினால் டிரான்ஸ்மிட்டர் தாங்காது என்பதால்தான், ஓர் அளவுக்கு மேல் ஒலியைப் போகவிடாத லிமிட்டர்களே அந்தத் துறையில் வளர்ந்தன. இன்று 24 பிட்டில் பதிகிறோம். சராசரி அளவை -18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலின் உச்ச எல்லையை 0 என்று கொண்ட டெசிபல்) பக்கம் வைத்து, உச்சங்கள் -8, -10-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், கம்ப்ரஸர் இல்லாமலே சுத்தமான பதிவு கிடைக்கும்.

"கிளிப் ஆகாமல் (ஒலி எல்லை தாண்டி உடையாமல்) காப்பாற்றும்" என்று நம்பிக் கம்ப்ரஸர் வாங்குபவர்கள் நிறையப் பேர். பெட்டி உட்காரும் இடம், மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்புக்குப் பிறகு. ப்ரீஆம்பே கிளிப் ஆனால், உடைந்த ஒலியைத்தான் கம்ப்ரஸர் வாங்கி அமுக்கும். ப்ளகினோ டிஜிட்டலாக மாறிய பிறகு வேலை செய்வது. அதனால் ஒலியை டிஜிட்டலாக்கும் கன்வெர்ட்டரைக் காப்பாற்றவே முடியாது. இரண்டுக்கும் மருந்து கெயின் குமிழைக் குறைப்பதுதான்.

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. விலை குறைந்த இன்டர்ஃபேஸ்களில் மைக் செருகினால், ஒலி உள்ளேயே ப்ரீஆம்ப் வழியாக நேராகக் கன்வெர்ட்டருக்குப் போய்விடும். நடுவில் கம்ப்ரஸரைச் செருக வழியே இருக்காது. இன்சர்ட் ஜாக் உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும், இல்லையென்றால் தனி ப்ரீஆம்ப் வாங்கி, அதிலிருந்து கம்ப்ரஸர், அதிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட் என்று போகவேண்டும். பெட்டியின் விலையோடு ப்ரீஆம்ப் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடவேண்டும். மூன்றாவது வழி, பதிந்து முடித்த டிராக்கை லைன் அவுட்புட் வழியாக வெளியே அனுப்பி, பெட்டியில் ஓட்டித் திரும்பப் பதிவது. இதில் அசல் டிராக் பத்திரமாக இருக்கும். பெட்டி வாங்கியவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றாவது வழியைத்தான்.

வகைகள்

ஆப்டோவில் பெயர் பெற்றது டெலிட்ரோனிக்ஸ் எல்ஏ-2ஏ. ஜிம் லாரன்ஸ் என்ற பொறியாளர் 1960-களில் கொண்டுவந்தது. உள்ளே டி4 என்ற சின்ன உருளை. அதில் ஓர் ஒளிரும் தகடும், ஒளி பட்டால் மின்தடை மாறும் பொருளும் எதிரெதிரே இருக்கும். ஒலி உரக்க வந்தால் தகடு பிரகாசமாக எரியும், மறுபக்கம் ஒலி அடங்கும். அட்டாக் (அமுக்கம் பிடிக்க ஆகும் நேரம்) சுமார் 10 மில்லிசெகண்ட். ரிலீஸ் (அமுக்கம் விட ஆகும் நேரம்) தான் இதன் அழகு: முதல் பாதி 60 மில்லிசெகண்டில் விட்டுவிடும், மீதி ஒரு செகண்டிலிருந்து 15 செகண்ட் வரை, அதற்குமுன் எவ்வளவு நேரம் அமுக்கியிருந்தது என்பதைப் பொறுத்து மெல்ல மெல்ல விடும். குமிழ்கள் இரண்டே: பீக் ரிடக்‌ஷன், கெயின். தவறாக வைப்பதே கஷ்டம். நீண்ட கார்வை உள்ள பாட்டு, வீணை, பேஸ் கிட்டார், ஆடியோ புத்தக வாசிப்பு இவற்றில் கை வைத்ததே தெரியாமல் சமன் செய்யும்.

மிருதங்கத்தில் அது எடுபடாது. அட்டாக் தாமதமாக வருவதால் முதல் அடி தப்பித்து வெளியே போய்விடும். பிறகு அமுக்கம் விடாமல் நிற்பதால், அடுத்து வரும் மெல்லிய சொற்கள் அமுங்கிப்போகும். அப்புறம், அசல் வடிவில் இது, பழைய ரேடியோக்களில் இருந்ததுபோன்ற வால்வு வைத்த பெட்டி. சூடாகும், உள்ளே சில நூறு வோல்ட் ஓடும், விலையும் லட்சங்களில். குறைந்த விலை நகல்கள் நிறைய வந்துவிட்டன, பல நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒளிச் செல்லின் தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும். கேட்காமல் வாங்கவேண்டாம்.

எஃப்ஈடி என்றால் 1176. பில் புட்னம் வடிவமைத்து 1967-இல் வந்தது. வேகம் இதன் உயிர்: அட்டாக் 20 மைக்ரோசெகண்டிலிருந்து 800 மைக்ரோசெகண்ட் வரை. அதாவது மிக மெதுவான நிலையில்கூட ஒரு மில்லிசெகண்டுக்குள் பிடித்துவிடும். ரிலீஸ் 50 மில்லிசெகண்ட் முதல் 1.1 செகண்ட் வரை. ரேஷியோவுக்கு 4, 8, 12, 20 என்று நான்கு பொத்தான்கள். கானா, ராப், குத்துப்பாட்டு போன்றவற்றில் குரல் தாளத்தைக் கிழித்துக்கொண்டு முன்னே வந்து நிற்கவேண்டும் என்றால் இதற்கு இணை குறைவு. பறை, தவில் ஒலியைத் தள்ளியிருந்து பிடிக்கும் அறை மைக்குகளிலும் பிரமாதமாக இருக்கும்.

முதல் பெட்டியாக இதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம், இதில் த்ரெஷோல்ட் குமிழ் கிடையாது. இன்புட்டை ஏற்ற ஏற்ற அமுக்கமும் கூடும், சத்தமும் கூடும். சத்தம் கூடினால் காது ஏமாந்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். அட்டாக், ரிலீஸ் குமிழ்கள் வேறு பழக்கத்துக்கு எதிர்ப்பக்கம்: எண் கூடினால் வேகம் கூடும். இரண்டையும் முழு வேகத்தில் வைத்துப் பேஸ் கிட்டாரை ஓட்டினால், 80 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 12.5 மில்லிசெகண்ட் என்பதால், கம்ப்ரஸர் அலையையே துரத்தி வளைத்துவிடும். அது ஒரு கரகரப்பாகக் கேட்கும். தெரிந்து செய்தால் சுவை, தெரியாமல் பதிந்துவிட்டால் போச்சு.

விசிஏ வகை டேவிட் பிளாக்மர் என்பவரின் மின்சுற்றிலிருந்து வளர்ந்தது. அவர் தொடங்கிய டிபிஎக்ஸ் நிறுவனம் 1970-களில் 160 என்ற மாடலை விட்டது. எஸ்எஸ்எல் நிறுவன மிக்ஸர்களின் நடுவில் இருக்கும், முழு மிக்ஸையும் அமுக்கும் புகழ்பெற்ற பஸ் கம்ப்ரஸரும் விசிஏதான். இந்த வகையில் இன்று கிடைக்கும் இரண்டு சானல் பெட்டிகள் பலவற்றில் த்ரெஷோல்ட், ரேஷியோ, அட்டாக், ரிலீஸ், மேக்கப் கெயின் எல்லாம் தனித்தனிக் குமிழ். எதைத் திருகினால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். மிருதங்கம், கிட்டார், பேச்சு, முழு மிக்ஸ் எதற்கும் ஓரளவு பொருந்தும். ஸ்டீரியோ லிங்க் பொத்தான் இருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக அமுங்கும், ஸ்டீரியோ ஒலி இடவலமாக ஆடாது. ஆப்டோவின் இனிமையோ 1176-இன் குணமோ இதில் வராது. விலை குறைந்தவற்றில் 8, 10 டெசிபல் அமுக்கினால் ஒலி கொஞ்சம் மந்தமாகிவிடும். 3, 4 டெசிபலோடு நிறுத்தினால் குறை தெரியாது.

இந்தப் பெட்டிகள் பலவற்றில் கேட் (ஒலி மெலிந்தால் அடைத்துவிடும் சுற்று) சேர்ந்தே வரும். பாட்டு பதியும்போது அதை அணைத்துவிடுங்கள். சங்கதி முடிந்து காற்றாகக் கரையும் அந்தக் கடைசித் துளியை கேட் வெட்டிவிடும். நம் பாட்டில் பாதி அழகு அங்கேதான் இருக்கிறது. தம்புரா சேர்ந்து விழும் மைக்கில் கேட் திறந்து மூடுவது இன்னும் கொடுமை.

வால்வையே அமுக்கும் கருவியாக வைத்த வாரி-மியூ வகையும் உண்டு. 20 வால்வு கொண்ட ஃபேர்சைல்ட் 670 அதன் சிகரம். வீட்டு ஸ்டுடியோ முடிவில் அதற்கு இடமில்லை.

ப்ளகினில் மேலே சொன்ன எல்லாப் பெட்டிகளின் நகலும் இருக்கிறது. ஒன்றை வாங்கினால் இருபது டிராக்கில் போடலாம். நாளைக்கு மனம் மாறினால் மாற்றலாம், குமிழ் நிலைகள் கோப்போடு சேமிக்கப்படும். பராமரிப்பு இல்லை, ஷாக் அடிக்காது. பதிவு மென்பொருளோடு இலவசமாக வரும் சாதாரணக் கம்ப்ரஸரிலேயே கற்கவேண்டிய எல்லாம் இருக்கிறது. இதன் ஒரே உண்மையான குறை தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலித் துணுக்குகள்) 128 என்றால் ஒரு வழிக்கே 2.7 மில்லிசெகண்ட், போக வர அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். வரப்போகும் ஒலியை முன்கூட்டிப் பார்க்கும் லிமிட்டரைப் போட்டால் இன்னும் கூடும். பாடகர் ஹெட்ஃபோனில் தன் குரலை அமுக்கத்தோடு கேட்டால் நம்பிக்கையாகப் பாடுவார் என்பது உண்மை, அந்த இடத்தில் பெட்டி ஜெயிக்கும். உள்ளேயே டிஎஸ்பி சிப் (ஒலியைத் தானே செயலாக்கும் சிப்) வைத்த இன்டர்ஃபேஸ்கள் ஹெட்ஃபோனுக்கு அமுக்கிய ஒலி, டிராக்குக்கு அமுக்காத ஒலி என்று பிரித்துக் கொடுக்கும். பணம் இருந்தால், தனிப் பெட்டிக்கு முன் அப்படி ஓர் இன்டர்ஃபேஸையே நான் வாங்குவேன்.

மின்சாரம், கேபிள், காது

பெட்டி என்று முடிவெடுத்தால், வந்த அன்றே ரேக்கில் ஏற்றி ஸ்விட்சைப் போடவேண்டாம். பின்பக்கம் என்ன வோல்டேஜ் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்ததோ, அங்கே இணையத்தில் வாங்கியதோ என்றால் 115 அல்லது 120 வோல்ட்டில் இருக்கலாம். நம் 230-இல் செருகினால் சில நொடியில் புகை. வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் மாற்றி, 230-க்கு எழுதியிருக்கும் ஃப்யூஸையும் போடவேண்டும். பழைய ஃப்யூஸை அப்படியே விட்டால், கோளாறு வரும்போது அது உருகாமல் நிற்கலாம். மாற்ற வசதியில்லை என்றால் பெட்டி இழுக்கும் மின்சாரத்தைவிடத் தாராளமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிராவல் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. சின்னப் பெட்டிகள் சிலவற்றுக்கு 9 வோல்ட் ஏசி தரும் அடாப்டர் வேண்டும். முனை பொருந்துகிறதே என்று டிசி அடாப்டரைச் செருகக் கூடாது.

எர்த் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பழைய வீடுகளில் மூன்று துளை பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத பெட்டியோடு மைக் இணைந்திருந்தால், பாடகரின் உதடு மைக் வலையில் படும்போது சுருக்கென்று இழுக்கும். கோளாறான பெட்டியாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

ஹம் (உறுமல் சத்தம்) வருகிறது என்று எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னைப் பிடுங்கினால் ஹம் போகலாம், ஆனால் பெட்டிக்குள் ஒரு கம்பி நழுவி உலோக உடலைத் தொட்டால் அந்த மின்சாரம் போக உங்கள் உடல்தான் வழி. முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே பாயிண்டிலிருந்து ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் கொடுங்கள். பாலன்ஸ்டு கேபிள் பயன்படுத்துங்கள். அப்படியும் போகவில்லையென்றால் ஆடியோ கேபிளின் ஷீல்டை (வெளிச்சுற்றுக் கம்பியை) ஒரு முனையில் மட்டும் துண்டிக்கலாம், அல்லது லைன் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். சிகிச்சை ஆடியோ பக்கத்தில்தான் நடக்கவேண்டும், மின் பக்கத்தில் அல்ல. கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் முனகும், ஒலியிலும் அந்த முனகல் ஏறும்.

ஸ்விட்ச் போடும் வரிசை: ப்ரீஆம்ப், கம்ப்ரஸர், இன்டர்ஃபேஸ், கடைசியில் ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். கரண்ட் கட் ஆனவுடன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, வந்து நிலைத்தபின் அதே வரிசையில் போடுங்கள். கரண்ட் திரும்ப வரும் அந்த நொடியின் டமால் சத்தத்தில் ட்வீட்டர் போவது சர்வசாதாரணம்.

லெவலில் இரண்டு உலகம் உண்டு. ஸ்டுடியோக் கருவிகள் +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகள் -10 டிபிவி, 0.316 வோல்ட். வித்தியாசம் ஏறக்குறைய 12 டெசிபல். +4 பெட்டியை -10 இன்புட்டில் கொடுத்தால் உடையும், தலைகீழாகக் கொடுத்தால் இரைச்சலோடு மெலிந்து வரும். பெட்டியிலோ இன்டர்ஃபேஸிலோ இதற்கு ஸ்விட்ச் இருக்கும், இரண்டையும் ஒத்த நிலையில் வையுங்கள். பிறகு 1 கிலோஹெர்ட்ஸ் டோனை -18 டிபிஎஃப்எஸ்-இல் அனுப்பி, ரேஷியோவை 1:1-இலோ த்ரெஷோல்டை உச்சத்திலோ வைத்து, அதே -18 திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும், ஆனால் பிறகு வரும் பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். இந்தச் சோதனையின்போது ஸ்பீக்கர் அடங்கியிருக்கட்டும்.

48 வோல்ட் ஃபேன்டம் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்), மைக்குக்கு மட்டும். கம்ப்ரஸரின் எக்ஸ்எல்ஆர் அவுட்புட்டை ஃபேன்டம் போட்ட மைக் இன்புட்டில் செருகினால் சில பெட்டிகளின் அவுட்புட் சுற்று கெடும். லைன் இன்புட்டில் செருகுங்கள், மாற்றும் முன் ஃபேன்டத்தை அணைத்துச் சில நொடி பொறுங்கள்.

வால்வு பெட்டிக்கு மேலே ரேக்கில் ஒரு யூனிட் காலி விடுங்கள். சித்திரை மாத வெயிலில் ஏசி அணைந்த அறையில் அது பெரிய வித்தியாசம். கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உப்புக் காற்றில் ஸ்விட்சும் ஜாக்கும் கறுக்கும். வாரம் ஒருமுறையாவது பெட்டியைப் போட்டுச் சூடாக விடுங்கள். மூடியைத் திறந்து துடைக்கப் பார்க்கவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

காதுக்கு வருவோம். கம்ப்ரஸர் சத்தத்தைக் குறைக்கும் கருவி என்பதால் காதுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. மேக்கப் கெயின் ஏற்றிய நிலையில் பாடகர் மைக்கைத் தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குமிழைத் தொடும் முன் ஹெட்ஃபோனைக் குறையுங்கள். மென்பொருளில் இன்சர்ட் (டிராக்கைப் பெட்டிக்கு அனுப்பித் திரும்ப வாங்கும் வழி) போட்டு, அதே சானலில் மானிட்டரிங்கும் திறந்திருந்தால், ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். மேக்கப் கெயின் அதை இன்னும் வளர்க்கும். பாடகரின் ஹெட்ஃபோன் வழியில் ஒரு லிமிட்டரை நிரந்தரமாக வைத்துவிடுவது நல்லது, இலவச ப்ளகின்கூடப் போதும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் நான்கு மணி, 94-இல் ஒரே மணி. மிக்ஸ் செய்ய உட்காரும் இடத்தில் போன் செயலி வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

யாருக்கு எது

கர்நாடக இசையோ சுகமான மெலடியோ பதிகிறீர்கள், அறை ஓரளவு அமைதி என்றால், அமுக்காமல் பதிந்து ஆப்டோ நகல் ப்ளகினில் 3 டெசிபல் எடுங்கள். இதற்குப் பெட்டி தேவையே இல்லை. பாட்காஸ்ட், டப்பிங், ஆடியோ புத்தகம் என்று தினமும் பல மணி நேரம் குரல் பதிந்து, உடனுக்குடன் கொடுக்கவேண்டியவர்களுக்கு ஆப்டோ பெட்டி உழைத்துக் கொடுக்கும். ஒவ்வொரு கோப்பிலும் உட்கார்ந்து திருத்தும் நேரம் மிச்சம். இசைக்குழுவை நேரடியாகப் பதிபவர்கள், கோயில் கச்சேரி ஒலிபெருக்கி வேலையும் சேர்த்துச் செய்பவர்கள் விசிஏ இரட்டைச் சானலை வாங்கலாம். அது மேடைக்கும் வரும், ஸ்டுடியோவுக்கும் வரும்.

இந்தக் குமிழ்கள் எல்லாம் உள்ள கம்ப்ரஸருக்குத் தொடக்க நிலை ஒன்று சொல்கிறேன்: ரேஷியோ 2:1 அல்லது 3:1, அட்டாக் 10 முதல் 20 மில்லிசெகண்ட், ரிலீஸ் 150 பக்கம், மிக உரத்த வரியில் மட்டும் ஊசி 3 டெசிபல் அசையும் அளவு த்ரெஷோல்ட். பைபாஸ் (கம்ப்ரஸரைத் தவிர்த்து ஒலியை விடும் ஸ்விட்ச்) போட்டும் எடுத்தும் ஒரே சத்த அளவில் ஒப்பிடுங்கள். ப்ரீஆம்பில் இரண்டாவது அவுட்புட் இருந்தால், அமுக்காத ஒலியையும் இன்னொரு டிராக்கில் சேர்த்தே பதிந்துகொள்ளுங்கள்.

பழைய பெட்டி வாங்குவதானால், விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். ஒலியே அனுப்பாதபோது ஊசி பூஜ்யத்தில் நிற்கிறதா, குமிழைத் திருகினால் கரகரக்கிறதா, இரண்டு சானலும் ஒரே டோனுக்கு ஒரே அளவு அமுக்குகின்றனவா என்று பாருங்கள். பவர் கார்டின் எர்த் பின் உடைந்தோ வெட்டப்பட்டோ இருந்தால், பெட்டியைத் திறந்து பார்த்த டெக்னீஷியன் சரி என்று சொல்லும்வரை பணம் கொடுக்கவேண்டாம்.